தொட்டாச்சிணுங்கி வால்யூம்

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

இந்தக் குரலைக் கேட்காம மதுரைச் சுத்துப்பட்டுல யாரும் வளர்ந்திருக்க முடியாது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி... எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வழியில ஏதாவது ஒரு ஊர்ல காப்புக் கட்டியிருப்பாங்க. கூடவே மரத்து உச்சியில குழாயும் கட்டியிருப்பாங்க. அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருப்பாரே மைக்செட் அண்ணன், அவரோட ஆம்ப்ளிஃபயரைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கீங்களா? வட்டமா ஒரு திருகு. அதைச் சுத்தி பேனாவால ரெண்டு கோடு. ஒண்ணு பாட்டுக்கு, இன்னொண்ணு பேச்சுக்கு. அம்புட்டுதான் டெக்னாலஜி. ஆனா அது என்னிக்கும் தப்பா யார் காதையும் கிழிச்சதில்ல. (சரி, கிழிச்சிருக்கு. ஆனா அது வேணும்னே கிழிச்சது!)

இப்போ அப்படியே நம்ம காலேஜ் செமினார் ஹாலுக்கு வாங்க. ஏசி, குஷன் சேர், சீலிங்ல வரிசையா ஸ்பீக்கர், வீடியோ கான்ஃபரன்ஸுக்கு கேமரா, சுவத்துல பளபளன்னு ஏழு இன்ச் டச் பேனல். பல லட்ச ரூபாய் சமாசாரம். மேடையில ஃபைனல் இயர் பொண்ணு ஒருத்தி ப்ராஜெக்ட் பத்திப் பேச ஆரம்பிக்கிறா. ஸ்க்ரீன்ல, எங்கேயோ பெங்களூருல இருந்து ஒரு கம்பெனிக்காரர் பார்த்துட்டு இருக்கார். குரல் கேக்கல. கடைசி வரிசையில "சவுண்டு... சவுண்டு..."ன்னு முணுமுணுப்பு. ஆபரேட்டர் அண்ணன் பேனல்ல விரலை வெச்சு மேல இழுக்கிறார். ஒண்ணும் ஆகல. இன்னும் கொஞ்சம். அப்பவும் ஒண்ணும் ஆகல. ரவ்வூண்டு, ஒரே ஒரு ரவ்வூண்டு மேல தள்ளுறார்...

'வீல்!'

ஹால்ல 200 பேரும் காதைப் பொத்துறாங்க. ஸ்க்ரீன்ல இருந்தவர் ஹெட்செட்டைக் கழட்டி வீசுறார். முன்வரிசையில இருந்து ஒரு குரல்: "ஒரு வால்யூம் வைக்கத் தெரியாதாய்யா உனக்கு?"

மதுரையில ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல நான் கண்ணால பார்த்தது இது. பேரு வேணாம், ஏன்னா இது ஒரு காலேஜ் கதை இல்ல. ரெண்டு வருஷத்துல நான் போன செமினார் ஹால்ல பாதிக்கு மேல இதே கூத்துதான். எனக்கு எரிச்சலா இருந்தது ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்தப் பொண்ணு. தமிழ் மீடியத்துல இருந்து வந்தவ, இயல்பாவே மெல்லிய குரல். அந்த 'வீல்'லுக்கு அப்புறம் அவ பேச்சுல கோர்வையே வரல. ரெண்டாவது, அந்த ஆபரேட்டர் அண்ணன். கான்ட்ராக்ட் வேலை. திட்டு வாங்கின நாள்ல இருந்து அவர் பேனல் பக்கமே கை கொண்டு போறதில்ல. குறைச்சலா ஒரு இடத்துல வெச்சுட்டு ஒதுங்கி நின்னுக்கிறார். கடைசி அஞ்சு வரிசைக்கு எதுவும் கேக்காது. கேக்காட்டி யாரும் திட்ட மாட்டாங்க, அலறினாதானே திட்டுவாங்க!

"தம்பி, 60 வரைக்கும் இது செத்த பாம்பு. 90-க்கு மேல போனா பேய். நடுவுல ஒரு விரக்கடை இடம் இருக்கு, அதுக்குள்ளதான் நான் பொழைக்கணும்"னார் அவர். நான் நாலு செமஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன். அவர் ஒரு வரியில சொன்ன டயக்னோசிஸ் எவ்வளவு துல்லியம்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

மொதல்ல நம்ம காதைப் பத்திக் கொஞ்சம். அஞ்சு கிலோ அரிசிப் பையில ஒரு கிலோவைச் சேர்த்தா தூக்கறவனுக்குத் தெரியும். அம்பது கிலோ மூட்டையில அதே ஒரு கிலோவைச் சேர்த்தா? கீழமாசி வீதி லோடுமேன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. எவ்வளவு கூடுதுங்கறது முக்கியமில்ல, ஏற்கெனவே இருந்ததுல எத்தனை பங்கு கூடுதுங்கறதுதான் நம்ம உடம்புக்குத் தெரியும். இதை ஜெர்மனியில வெபர்னு ஒருத்தர் எடைக்கல்லை வெச்சே சோதிச்சுப் பார்த்தார். ஃபெக்னர் 1860-ல ஒரு புத்தகமே போட்டு, அதை லாகரிதம் கணக்கா மாத்தினார். பள்ளிக்கூடத்துல 'இது எதுக்குடா உதவும்'னு திட்டினோமே, அதே லாக்!

டெலிபோன்காரங்க 1920-கள்ல இதே லாக்கை வெச்சுதான் டெசிபல்னு ஒரு அளவு கொண்டுவந்தாங்க. டெலிபோன் கண்டுபிடிச்ச கிரஹாம் பெல் பேர்தான் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு மூணு நம்பர் மட்டும் மனசுல வெச்சுக்கங்க, போதும். 3 டெசிபல் கூடினா ஆம்ப்ளிஃபயர் ரெண்டு மடங்கு பவர் தள்ளுது, ஆனா நம்ம காதுக்கு 'லேசா கூடியிருக்கு போல'ன்னுதான் படும். 10 டெசிபல் கூடினா பவர் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம். 20 டெசிபல்னா பவர் நூறு மடங்கு, காதுக்கு நாலு மடங்கு.

மைக்செட் அண்ணன் ஆம்ப்ளிஃபயர்ல இருக்கற திருகு இந்த லாக் சமாசாரத்தைப் படிக்காமலே பாஸ் பண்ணினது. டவுன்ஹால் ரோட்டுக் கடையில போய் வால்யூம் கன்ட்ரோல் கேட்டா ரெண்டு வகை காட்டுவாங்க. முதுகுல 'ஏ'ன்னு போட்டது லாக், 'பி'ன்னு போட்டது லீனியர். லாக் வகையைப் பாதி தூரம் திருப்பினா சிக்னல்ல சுமார் பத்துல ஒரு பங்குதான் வெளியே வரும். அதாவது முழு சத்தத்தை விட 20 டெசிபல் கம்மி. காதுக்கு அது நடுவாந்திரமான சத்தமா தோணும். காசு மிச்சம்னு லீனியரை வாங்கி மாட்டினா? முதல் பத்து சதவீதத் திருகலுக்குள்ளேயே அமைதியில இருந்து நேரா அந்த 20 டெசிபல் கம்மி இடத்துக்கு வந்து நிக்கும். மீதி 90 சதவீதத்துக்கும் சேர்த்து வெறும் 20 டெசிபல்தான் பாக்கி. பழைய டேப் ரெக்கார்டர்ல லேசா தொட்டதும் குதிச்சு, அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணுமே கூடாத மாதிரி இருந்திருக்குமே... அதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த 'பி'தான்.

சரி, நம்ம டச் பேனலுக்கு என்ன கேடு?

பேனல்ல இருக்கற ஸ்லைடர் ஒரு படம், அவ்வளவுதான். அதுக்குள்ள கம்பியும் கிடையாது, கார்பனும் கிடையாது. நீங்க விரல் வெச்ச இடத்தை அது ஒரு நம்பரா மாத்தி கன்ட்ரோலருக்கு அனுப்பும். கிரெஸ்ட்ரான் சிஸ்டத்துல அந்த நம்பர் 0-வுல இருந்து 65535 வரை. ஏஎம்எக்ஸ்ல வழக்கமா 0-வுல இருந்து 255. அந்த நம்பரை எத்தனை டெசிபலா மாத்தணும்னு முடிவு பண்றது கருவி இல்ல, ப்ரோகிராம் எழுதின ஆள். இங்கேதான் விளையாட்டு.

சத்தத்தைக் கட்டுப்படுத்தற டிஎஸ்பி பெட்டிங்க பலதுல வால்யூம் எல்லை ரொம்பப் பெருசா இருக்கும். நான் பார்த்த ஹால்ல கீழே மைனஸ் 100 டெசிபல், மேலே ப்ளஸ் 12. ப்ரோகிராமர் அந்த எல்லையைத் தொடவே இல்ல. பேனல் 0 சதவீதம்னா மைனஸ் 100, பேனல் 100 சதவீதம்னா ப்ளஸ் 12-ன்னு ஒரு நேர்கோடு போட்டுட்டு, பில்லைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார். மொத்தம் 112 டெசிபல். அப்போ பேனல் 60 காட்டும்போது உண்மையில ஓடறது மைனஸ் 33. ஏசி இரைச்சல்லயே அது அமுங்கிப் போகும். 90 காட்டும்போது ப்ளஸ் 1, அதாவது நல்ல கணீர்ப் பேச்சு. 100-ல ப்ளஸ் 12, பேய்! ஆபரேட்டர் அண்ணன் சொன்ன அதே 60, அதே 90. கால்குலேட்டர் இல்லாமலே!

இன்னும் கேளுங்க. அந்த ஸ்லைடர் படத்தோட உயரம் அஞ்சு சென்டிமீட்டர். நான் ஸ்கேல் வெச்சே அளந்தேன். 112 டெசிபலை 50 மில்லிமீட்டர்ல பரப்பினா, ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டு டெசிபலுக்கு மேல. ஆம்பளை விரல் நுனி பேனல்ல பதியற அகலம் எப்படியும் எட்டு, பத்து மில்லிமீட்டர் வரும். விரலை நகர்த்தவே வேணாம் பாஸ், நுனியில இருந்து சதைக்கு லேசா சாய்ச்சாலே 10 டெசிபல் ஏறி இறங்கும். இதுல எந்த மனுஷன் 'பைய' வைக்க முடியும்? சர்ஜனைக் கூப்பிட்டாலும் நடக்காது.

சில பேனல்கள்ல ஸ்லைடர் இருக்காது, ப்ளஸ்-மைனஸ் பட்டன்தான். அதுவும் யோக்கியம் இல்ல. ஒரு தட்டலுக்கு அஞ்சு சதவீதம்னு வெச்சிருப்பாங்க. அதே 112-ல அது அஞ்சரை டெசிபல். அமுக்கிப் பிடிச்சா நொடிக்குப் பத்து தடவை ரிப்பீட் ஆகற மாதிரி எழுதியிருந்தா, நொடிக்கு 56 டெசிபல்! கிசுகிசுப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்தை ஒரு நொடியில தாண்டும்.

இதுக்கு மேல இன்னொரு வில்லன் உண்டு. தாமதம். பேனல்ல தொட்டா அது நெட்வொர்க் வழியா கன்ட்ரோலருக்குப் போயி, அங்கிருந்து டிஎஸ்பிக்குப் போயி, அப்புறம்தான் ஸ்பீக்கர்ல மாறும். காலேஜ் வைஃபையும் அதே ஸ்விட்ச்ல தொங்கிட்டு இருந்தா கேக்கவே வேணாம். பேரணையில ஷட்டரைத் திறந்தா பெரியாறு கால்வாய்த் தண்ணி மேலூர் கடைமடைக்கு அந்த நிமிஷமே வந்துடுமா? வராது. 'என்னடா தண்ணியையே காணோம்'னு அவசரப்பட்டு இன்னும் திறந்துவிட்டா, ஒட்டுமொத்தமா வந்து சேரும்போது வரப்பு தாங்காது. பேனல்ல நாலு தடவை தட்டிட்டு 'வேலை செய்யலையே'ன்னு அஞ்சாவது தடவை தட்டறது அதே கதைதான்.

சரி, அலறல்னா என்ன? அது வெறும் அதிக சத்தம் இல்ல. ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தம் மறுபடி மைக்குக்குள்ள புகுந்து, பெருசாகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, இன்னும் பெருசாகி... சுத்திச் சுத்தி ஒரே ஒரு சுருதியில கூவறது. டென்மார்க்கைச் சேர்ந்த லார்சன்ங்கற இயற்பியலாளர் பேர்ல 'லார்சன் விளைவு'ன்னு சொல்வாங்க. ஒரு சுத்துக்கு ஒரு மடங்குக்குக் கீழே இருக்கற வரைக்கும் சாது. ஒண்ணைத் தாண்டினா அவ்வளவுதான். அந்த எல்லைக்கு 2 டெசிபல் கீழே உக்காந்திருக்கும்போது, ஒரு மில்லிமீட்டருக்கு 2 டெசிபல் குதிக்கிற பேனலைக் கையில குடுத்தா என்ன ஆகும்? அன்னிக்கு ஹால்ல நடந்தது அதுதான்.

மேஜையில எட்டு மைக்கும் ஒரே நேரத்துல திறந்து கிடந்தா நிலைமை இன்னும் மோசம். திறந்திருக்கற மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்காகும்போதெல்லாம் அலறலுக்கு முன்னாடி நமக்குக் கிடைக்கற இடம் 3 டெசிபல் குறையும். எட்டுன்னா 9 டெசிபல் காலி. அதே சமயம் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினா சுமார் 6 டெசிபல் இனாம். மெல்லிய குரல்காரங்களுக்கு "சத்தமா பேசும்மா"ன்னு அட்வைஸ் பண்றதை விட, மைக்கை ஒரு ஜாண்ல இருந்து அரை ஜாணுக்குத் தள்ளிவைக்கிறது புண்ணியம். யாரும் செய்யறதில்ல. அட்வைஸ் இலவசமாச்சே!

இதையெல்லாம் மிக்ஸர் செய்யறவங்க எப்பவோ யோசிச்சுட்டாங்க. பெஹ்ரிங்கர் எக்ஸ்32-ன்னு ஒரு டிஜிட்டல் மிக்ஸர், கச்சேரி பண்ற பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுல ஃபேடரோட மேல் பாதி முழுக்க வெறும் 20 டெசிபலுக்குத்தான்: ப்ளஸ் 10-ல இருந்து மைனஸ் 10 வரை. அடுத்த கால் பாகத்துல மைனஸ் 30 வரை. மீதி எல்லாம் அடியில இருக்கற கடைசிக் கால்ல. கை அடிக்கடி நடமாடற இடத்துல இடம் தாராளம், தேவைப்படாத இடத்துல சிக்கனம். பிபிசி ரேடியோ ஸ்டுடியோக்கள்ல பல வருஷம் ஃபேடரே தலைகீழா இருந்துச்சு, தெரியுமா? தன் பக்கம் இழுத்தா சத்தம் கூடும், தள்ளினா குறையும். சட்டைக் கை தெரியாம பட்டுத் தள்ளினாலும் சத்தம் குறையத்தானே வேணும், அலறக் கூடாதில்லன்னு அதுக்குக் காரணம் சொல்வாங்க. அந்த அக்கறையில கால்வாசி நம்ம பேனலுக்கு வந்திருந்தா போதும்.

இனி வைத்தியம். முக்கால்வாசி கேஸுக்குப் புதுசா எதுவும் வாங்க வேணாம்.

டிஎஸ்பியில அந்த வால்யூமுக்கு கீழ் எல்லை மைனஸ் 40, மேல் எல்லை 0-ன்னு மாத்தணும். 112 டெசிபல் 40 ஆகிடும். அதே அஞ்சு சென்டிமீட்டர்ல இப்போ ஒரு மில்லிமீட்டருக்கு 0.8 டெசிபல். விரல் சாஞ்சாலும் காதுக்குப் பெருசா தெரியாது. அடியில முழு அமைதி வேணும்னா அதுக்கு மியூட் பட்டன் இருக்கு. பட்டன் வகைன்னா தட்டலுக்கு 2 டெசிபல், பிடிச்சா நொடிக்கு நாலு தடவைக்கு மேல ரிப்பீட் ஆகக் கூடாது. ஸ்லைடரை மேல தூக்கி எறிஞ்சாலும் சத்தம் ஒரு நொடி எடுத்து மெதுவா ஏறட்டும். அதுக்கு 'ராம்ப்'னு பேரு. சிஸ்டம் ஆன் ஆகும்போது நேத்து ராத்திரி யாரோ வெச்சுட்டுப் போன இடத்துல நிக்காம, ஒரு நிதானமான இடத்துல ஆரம்பிக்கட்டும்.

ஆனா இந்த வேலைக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ரேக்குக்குப் பின்னாடி இருக்கற பவர் ஆம்ப்ளிஃபயர் கெயின். 60 பேர் உக்கார்ற ரூமுக்குக் கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயரை மாட்டி, அதை ஃபுல்லா திருகி வெச்சிருந்தா, பேனல்ல நீங்க என்ன வித்தை பண்ணினாலும் அடியிலேயே தவழணும். மைக்ல ஒரு ஆளை சாதாரணமா பேசச் சொல்லுங்க. மைக் ப்ரீஆம்ப்ல சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு நல்ல லெவல் வைங்க. பேனலை முக்காலுக்குக் கொண்டுபோங்க. அப்புறம் ஆம்ப்ளிஃபயரை பூஜ்யத்துல இருந்து பையப் பைய திறங்க. கடைசி வரிசைக்குக் கணீர்னு கேக்கற இடத்துல நிறுத்திட்டு, அங்கேயே ஒரு கோடு போட்டுடுங்க. மைக்செட் அண்ணன் போட்ட அதே பேனாக் கோடு!

கோளாறு எந்த வகைன்னு தெரிய ஒரு சின்ன சோதனை. செல்போன்ல சவுண்டு மீட்டர் ஆப் ஒண்ணைப் போட்டுக்கங்க. அது காட்டற நம்பர் துல்லியமா இருக்காது, பரவாயில்ல, நமக்கு வித்தியாசம்தான் வேணும். லேப்டாப்ல பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு (மைக்கையெல்லாம் மியூட் பண்ணிட்டு, தெய்வங்களா!) பேனலைப் பத்துப் பத்து சதவீதமா ஏத்தி, ஒவ்வொண்ணுக்கும் மீட்டர் நம்பரை எழுதுங்க. கிராஃப் ஷீட்ல புள்ளி வைங்க. கோடு ரொம்ப நேரம் தரையில படுத்துக் கிடந்து அப்புறம் செங்குத்தா ஏறினா, எல்லை பெருசு. முதல் பத்துலயே எகிறிட்டு அப்புறம் படுத்துட்டா, லீனியர் கோளாறு. பத்து சதவீதத்துக்கு நாலஞ்சு டெசிபல்னு சீரா ஏறினா பேனல் மேல குத்தமில்ல, மைக்கையோ ஆம்ப்ளிஃபயரையோ பாருங்க. யாருமே தொடாம வால்யூம் தானா ஓடினா அது வேற டிபார்ட்மென்ட். ஏசியில இருந்து சொட்டற தண்ணி, மட்டமான அடாப்டர், சரியில்லாத எர்த், இதுல ஏதாவது ஒண்ணு அந்த டச் ஸ்க்ரீனை ஏமாத்திட்டு இருக்கும்.

ஒரு கூடுதல் செய்தி. ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதுன்னு சொல்ற 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல, விலக்குப் பட்டியல் ஒண்ணு இருக்கு. மூடின ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம், அதோட கான்ஃபரன்ஸ் ரூம். பேரு சொல்லியே விட்டிருக்காங்க. உள்ளுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் அலறிக்கலாம், போலீஸ் வராதுங்கற தைரியத்துலதான் நம்மாளுங்க இருக்காங்களோ என்னவோ!

பெரிய சிக்கல் டெக்னிக்கல் இல்ல, பாஸ்வேர்டு. ப்ரோகிராம் ஃபைல் மாட்டின கம்பெனிக்காரர் லேப்டாப்ல இருக்கும். காலேஜ் கையில இருக்கறது பேனல் மட்டும்தான். நான் பார்த்த ஹால்ல ஆபரேட்டர் அண்ணன் மூணு தடவை வாய்மொழியா கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கார். மூணு தடவையும் சர்வீஸ் பையன் வந்து, தொட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, யூஸ் பண்ணத் தெரியல"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார். நாலாவது தடவை அந்த கிராஃப் ஷீட்டோட, "கீழ் எல்லை மைனஸ் 40, மேல் எல்லை 0, ராம்ப் ஒரு நொடி"ன்னு ஒரே ஒரு வரி எழுதி லெட்டர் போச்சு. வந்தாங்க. லேப்டாப்பைச் சொருகினாங்க. ஒரு டீ ஆர்றதுக்குள்ள முடிஞ்சுது. வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் இருந்ததால காசும் கேக்கல.

உங்க காலேஜ்ல புது ஹால் வருதுன்னா, பேனல் மாட்டி ஒப்படைக்கற அன்னிக்கு மூணு விஷயத்தை எழுத்துல வாங்கச் சொல்லுங்க: ப்ரோகிராம் ஃபைலோட காப்பி, டிஎஸ்பி பாஸ்வேர்டு, வால்யூம் எல்லை என்னன்னு ஒரு தாள். சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடற ஆள், தினமும் அதைத் தொடற ஆபரேட்டரா இருக்கணும். கடைசி வரிசையில ஒருத்தரை உக்கார வெச்சுட்டு, அவரே "ஹலோ... மைக் டெஸ்டிங்..." சொல்லிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்.